சங்கம் எனக்குக் கடன் கொடுக்காத காரணம்

ஆவணி முகூர்த்தத்துக்குள் நான் ஒரு மோட்டார் முதலாளி ஆகிவிடுவது என்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில், நாமக்கல் சந்தையில் ஒரு கூடை கத்தரிக்காயோடு நின்றபடியே முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை நான் நின்றபடிதான் செய்வேன். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும்.

அந்த முடிவுக்கு வித்திட்டவர் அரிசி மில் வெங்கடாசலம். அவருடைய பச்சை நிறப் பிளஷர் கார் சந்தைக்கு எதிரே மில் வாசலில் நின்றது. பித்தளை விளக்கு இரண்டு. ரப்பர் குமிழ் வைத்த ஹாரன் ஒன்று. உள்ளே நாலு பேர் தாராளமாக உட்காரலாம். தாராளம் பார்க்காவிட்டால் ஒன்பது பேர்.

"எண்ணூறு ரூபாய், நாச்சிமுத்து" என்றார். "கல்யாணத்துக்கு வாடகைக்கு விடு. ரெண்டே வருஷத்துல போட்ட பணம் வந்துரும். இனிமேல் மாட்டு வண்டியில எந்த மாப்பிள்ளை ஏறுவான்?"

நானே மாட்டு வண்டியில் போன மாப்பிள்ளைதான். அந்தக் குறை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கத்தரிக்காய் விற்ற காசோடு இடுப்பில் இருந்ததையும் சேர்த்துப் பத்து ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ரசீது கேட்டேன். ஹாரனைக் கழற்றிக் கையில் கொடுத்து, "இதை விட நல்ல ரசீது உண்டா?" என்றார்.

வீட்டு வாசலிலேயே அமுக்கினேன். பாம்ம்!

என் மனைவி சௌந்திரம் முறமும் கையுமாக வெளியே வந்தாள்.

"நாம மோட்டார் வாங்கப் போறோம், புள்ள!"

"அப்படீங்களா? யாரு ஓட்டறதுங்க?"

"டிரைவர் வெப்போம்."

"அவனுக்குச் சம்பளமுங்க?"

"மோட்டாரே சம்பாரிக்கும்."

"மோட்டாருக்குத் தீனி?"

"பெட்ரோல்."

"அது நம்ம காட்டுல வெளையுதுங்களா?"

சௌந்திரத்தின் குணம் இது. மறுத்துப் பேசவே மாட்டாள். கேள்வி மட்டும் கேட்பாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் எனக்கு "வேண்டாம்" என்று சொன்னதில்லை. நான் நினைத்த காரியம் ஒன்றுகூட நடந்ததுமில்லை. இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"கெணறு தூந்து கெடக்குதுங்க. மொதல்ல அதை..." என்று ஆரம்பித்தாள்.

பாம்ம்!

"கட்டுத்தரைக்குக் கூரை..."

பாம்ம்! பாம்ம்!

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கடலை விற்ற பணம் முந்நூறு கையில் இருந்தது. மீதிக்கு இருக்கவே இருக்கிறது சங்கம். எங்கள் புளியங்காட்டுப்பாளையத்தில் ஐக்கிய நாணய சங்கம் என்று ஒன்று உண்டு. வட்டிக்காரன் கையில் குடியானவன் சிக்கக் கூடாது என்று ஏற்படுத்தியது. பஞ்சாயத்தார் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து எழுதப் படிக்கத் தெரிந்தவர் காரியதரிசி அருணகிரி வாத்தியார் ஒருவர்தான். ஊர்ப் பள்ளிக்கூடமும் அவர்தான், சங்கமும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே மேஜை. இழுப்பறையில் சாக்கட்டி ஒரு பக்கம், சங்கத்துக் காகிதம் ஒரு பக்கம். அவர் மனைவி அங்கம்மாளும் என் மனைவியும் உயிர்ச் சிநேகிதிகள்.

மனு எழுதினேன். தேவை: ஐந்நூறு ரூபாய். நோக்கம்: வியாபாரம். ஈடு: கிணற்றுக் காடு மூன்று ஏக்கர், வீடு ஒன்று, எருது இரண்டு.

எட்டாம் நாள் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. "மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது."

அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. நாலு வரி திட்டி எழுதியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

காரணம் இல்லாத காகிதம் ஒன்று ஊருக்குள் வந்தால், ஊரே அதற்கு ஒரு காரணத்தை ஒட்டிவிடும். மறுநாள் அடுத்த காட்டுக்காரர் சென்னியப்பன் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்.

"ஏனப்பா நாச்சிமுத்து, சேலத்துல சீட்டாடறயாமா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லுல. சங்கத்துல இல்லைன்னுட்டாங்களே, வேற என்ன காரணம் இருக்கப் போவுதுன்னு நானாத்தான் ரோசனை பண்ணுனேன்."

"நான் சேலம் போயே மூணு வருஷமாச்சுங்க!"

"அடப்பாவி, அப்ப நாமக்கல்லயேவா ஆடறே?"

அதற்கடுத்த நாள் பருத்திக்கொட்டைக் கடையில் வழக்கமாகத் தவணைக்குக் கொடுக்கிறவர், என்னைக் கண்டதும் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் போகிற வரைக்கும் துடைத்தார். மூன்றாம் நாள் நான் குடித்தேன். நாலாம் நாள் எனக்கு ராசிபுரத்தில் இன்னொரு குடும்பம் ஏற்பட்டது. இத்தனையும் நான் என் வீட்டில் உட்கார்ந்து ராகிக் களி தின்றுகொண்டிருந்தபோதே நடந்தது.

"ஏனுங்க, ராசிபுரத்துல உங்களுக்கு இன்னொரு ஊடு இருக்குதுங்களாமா?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"அடிப்பாவி! நீயுமா நம்பறே?"

"இருக்கற ஊட்டுக்கே ஒரு ஓடு மாத்த உங்களுக்கு முடியலைங்க. அங்க ஒண்ணு எங்கீங்க கட்டியிருக்கப் போறீங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் சிரிப்பு முகத்தோடு ஒட்டவில்லை. குடத்தை எடுத்தவள், தண்ணீர்த் துறைக்குப் போகாமல் அங்கம்மாள் வீட்டுப் பக்கம் போனாள்.

நான் நேரே பள்ளிக்கூடம் போனேன்.

"வாத்தியாரே, எனக்கு எதுக்குக் கடன் இல்லை?"

"பஞ்சாயத்தார் முடிவுங்ண்ணா."

"முடிவு சரி. காரணம்?"

"காரணமுங்களா..." அருணகிரி இழுப்பறையைத் திறந்தார். சாக்கட்டிதான் இருந்தது. மூடினார்.

"நாணயச் சங்கம்னு பலகை மாட்டியிருக்கீங்க. கையில நாணயத்தைத்தான் குடுக்கலை. பேச்சுலயாச்சும் நாணயம் வேண்டாமா? என்ற பேரு ஊருக்குள்ள சந்தி சிரிக்குது!"

அவர் தலையைச் சொறிந்தார். "மறுக்கா ஒரு மனுப் போடுங்ண்ணா. இந்தத் தடவை காரணத்தோடயே நிராகரிச்சுப் போடறேன்."

சொன்ன சொல் தவறவில்லை. ஒரே வாரத்தில் வந்தது. முதல் வரியைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சௌந்திரம்! இங்க பாரு! 'மனுதாரருக்குத் தகுந்த ஈடு இல்லை.' எனக்கு ஈடு இல்லைன்னு சங்கமே ஒத்துக்கிட்டுது!"

"ரெண்டாவது வரியையும் படிங்க."

"ஈடாகக் காட்டிய காட்டில் கிணறு தூர்ந்து கிடக்கிறது. நீர் இல்லாத காடு ஈடாகாது."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு லேசானது. காரணம் என்று ஒன்று கிடைத்துவிட்டதே! சீட்டு இல்லை, குடி இல்லை, ராசிபுரம் இல்லை. வெறும் கிணறு. காகிதத்தை மடிக்காமல் கையில் விரித்துப் பிடித்தபடி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

கூலிக்கு மாதையனையும் மாரியையும் கூட்டிக்கொண்டு நானே கிணற்றில் இறங்கினேன். பங்குனி வெயில். இருபத்திரண்டு நாள் சேறு அள்ளினோம். இரண்டு குடம், ஒரு கருக்கரிவாள், சென்னியப்பன் தன் கூலியாள் திருடிவிட்டான் என்று ஊரைக் கூட்டிய அதே கடப்பாரை, எல்லாம் வந்தது. அவர் கடப்பாரையை வாங்கித் துண்டில் மறைத்துக்கொண்டு போனார். இருபத்திமூன்றாம் நாள் வடமேற்கு மூலையில் பாறை வெடிப்புக்குள்ளிருந்து குளிர்ச்சியாக என் காலை எதுவோ தொட்டது. பாம்பு என்று அலறினேன். ஊற்று.

மேலே கரையில் நின்றிருந்த சௌந்திரம் சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷமாகியிருந்தது.

எருது பூட்டித் தோல்பறியில் தண்ணீர் இறைப்பதற்கு எங்கள் பக்கத்தில் கவலை என்று பேர். மறுநாளே கவலை ஓடியது. சித்திரையில் கிணறுகள் வற்றி ஊரெல்லாம் கவலை இல்லாமல் இருந்தது. அதனால் ஊரெல்லாம் கவலையாக இருந்தது. எனக்கோ கிணற்றில் கவலை உண்டு, மனதில் கவலை இல்லை. மூன்றாவது மனுவைப் போட்டேன்.

மூன்றாவது பதில்: "எருதுகள் நிற்கும் கட்டுத்தரைக்குக் கூரை இல்லை. மழையில் சேதமாகக்கூடிய கால்நடை ஈடாகாது."

"இதையும் மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்று கத்தினேன்.

"உங்களுக்கு யாரு சொன்னாலும் காதுல உழுவறதில்லீங்களே. காயிதத்துல வந்தாத்தானே படிக்கறீங்க" என்றாள் சௌந்திரம்.

நியாயமாகத்தான் பட்டது. எட்டு வண்டி பனையோலை இறக்கிக் கூரை வேய்ந்தேன். வேய்ந்த நாலாம் நாள் ஆலங்கட்டி மழை. எலுமிச்சங்காய் அளவுக்கு ஒவ்வொன்றும். சென்னியப்பனின் காளை ஒன்று கண்ணில் அடிபட்டு மூன்று நாள் சாணிப்பத்து போட்டுக்கொண்டு நின்றது. என் எருதுகள் இரண்டும் கூரைக்கடியில் நின்று, வெளியே நடப்பதை வேடிக்கை பார்த்து அசைபோட்டன. நான் சங்கம் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

நாலாவது பதில் வந்தபோதுதான் எனக்குக் கும்பிட்ட கை கூசியது.

"மனுதாரர் வெற்றிலை போட்டு வீட்டுச் சுவரில் துப்புகிறார். ஈடாகக் காட்டிய வீட்டின் மதிப்பு இதனால் குறைந்துவருகிறது."

அருணகிரியின் வீட்டுக்கே போய்விட்டேன்.

"வாத்தியாரே, என்ற வாயும் சங்கத்துக்கு ஈடா?"

"வாய் இல்லைங்ண்ணா. சுவரு."

"சுவத்துல நான் துப்பறது உனக்கு எப்படித் தெரியும்? என்ற ஊட்டுக்குள்ள நீ வந்தே ஒரு வருஷமாச்சு!"

அருணகிரி விட்டத்தைப் பார்த்தார். உள்ளே அங்கம்மாளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. நன்றாகக் கவனித்தால் அது சிரிப்பு மாதிரி இருந்தது. நான் நன்றாகக் கவனிக்கவில்லை.

"காரணம், காரணம்னு நான் அலைஞ்சது போதும். கார் போயி ரணந்தான் மிச்சம்!"

"இது ஒண்ணுதானுங்ண்ணா. இதை மட்டும் சரிபண்ணிப் போடுங்க."

ஐந்நூறு ரூபாய்க்காக மனிதன் எதைத்தான் விடமாட்டான்? இருபது வருஷத்து வெற்றிலையை விட்டேன். முதல் வாரம் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். இரண்டாம் வாரம் வீட்டுக்கு என் கையாலேயே சுண்ணாம்பு அடித்தேன். மூன்றாம் வாரம் என் ஆறு வயது மகள் பொன்னாயி வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் மடியில் உட்கார்ந்தாள்.

"என்ன சாமி, அதிசயமா?"

"இப்பத்தான் உங்க வாய் நாறலீங்கப்பா."

இதுநாள் வரை அவள் என்னிடம் வராததற்குக் காரணம் பயம் என்று நினைத்திருந்தேன். மரியாதை என்றுகூட நினைத்திருந்தேன். இந்த வீட்டிலும் எனக்கு யாரும் உண்மைக் காரணத்தைச் சொன்னதில்லை. அன்று பொழுது சாயும்வரை அவளை மடியைவிட்டு இறக்கவில்லை. சங்கத்தின்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துபோயிற்று.

ஐந்தாவது மனுவுக்கு வந்த பதில்தான் என்னைச் சுருட்டிப் போட்டது.

"நெருங்கிய உறவினர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். மனைவியின் தமையனார் இருக்க, அவர் கையெழுத்து இல்லாதது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது."

சௌந்திரத்தின் அண்ணன் பேர் சின்னண்ணன். தம்மம்பட்டியில் இருக்கிறார். எங்களுக்குள் பேச்சு நின்று ஆறு வருஷம். அவர் எனக்கு ஒரு ஜோடி எருது பிடித்துக் கொடுத்தார். அதில் ஒன்று சந்தைப் பாதை நடுவில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த நோம்பிப் பண்டிகைக்கு அவர் வீட்டுக்குப் போனவன், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, "மாடும் மச்சானை மாதிரியே இருக்குது. நாலு பேரு தூக்குனாத்தான் எந்திரிக்குது" என்றேன். பந்தியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று வண்டி கட்டிக்கொண்டு திரும்பியதுதான். அதற்கப்புறம் சௌந்திரம் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போகட்டுமா என்று ஒரு நாளும் என்னைக் கேட்கவும் இல்லை.

ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் தனியாக பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். வாசலில் அவரைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. தலை நரைத்துப்போயிருந்தது. என்னைக் கண்டவர் எழுந்து நின்றார். யாரும் தூக்கவில்லை, தானாகவே எழுந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. சௌந்திரம் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க மச்சான்."

"உடம்பு கிடம்பு நல்லா இருக்குதில்ல?"

"நல்லா இருக்குதுங்க."

மூன்றாம் தடவையும் அதையே கேட்டார். அப்புறம்தான் என்னை உட்காரச் சொன்னார். நான் ஜாமீன் காகிதத்தை எடுத்தேன்.

"ஒரு கையெழுத்து வேணுமுங்க."

"இதுக்குத்தான் வந்தீங்களா?"

"இதுக்குத்தானுங்க பொறப்பட்டேன்." காகிதத்தைக் கீழே வைத்தேன். "வந்து உங்களைப் பார்த்தப் பொறகு, இதுக்கு இல்லைன்னு தோணுது. அன்னைக்குப் பந்தியில நான் பேசுனது தப்புங்க மச்சான்."

அவர் காகிதத்தைப் படிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அந்த மாடு சோம்பேறிதான் மாப்பிள்ளை. எனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் உங்களுக்குக் குடுத்தேன்" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் கொல்லிமலைப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னோடு அவரும் வந்தார். சௌந்திரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எங்கள் இருவரையும் ஒருசேரத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே அவருக்குச் சோறு போட்டாள். எனக்குப் போட மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை. வயிறு நிறைந்துதான் இருந்தது.

ஆனாலும் மோட்டார் மோட்டார்தானே? ஜாமீன் காகிதத்தோடு போனேன். "மகாசபை முடியட்டுமுங்ண்ணா" என்றார் அருணகிரி, பக்கத்து மரத்தைப் பார்த்துக்கொண்டே. இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாமதமாகத்தான். ஆனால் வந்துவிட்டது.

ஆவணி முதல் வாரம் பள்ளிக்கூடத்தில் சங்கத்தின் வருஷ மகாசபை. சேலத்திலிருந்து சங்கங்களுக்கான இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்பார், கீழே பார்த்துப் படிப்பார். எண்பது அங்கத்தினர் உட்கார்ந்திருந்தோம். பொம்பளைகள் பின்பக்கம் எல்லாருக்கும் சாப்பாடு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன்.

"எசமானுங்க, அஞ்சு தடவை மனுப் போட்டேன். அஞ்சு தடவையும் இல்லைன்னாங்க. மொதல் தடவை காரணமே இல்லை. பொறகு நாலு காரணம் சொன்னாங்க. நாலையும் சரிபண்ணிப் போட்டேன். இப்ப அஞ்சாவதா ஒண்ணு வந்துரும்போல இருக்குது. எனக்குக் கடன் வேண்டாமுங்க. நெசமான காரணத்தைச் சொல்லச் சொல்லுங்க, போதும்!"

இன்ஸ்பெக்டர் மினிட்டுப் புஸ்தகத்தைப் புரட்டினார். "கிணறு... கூரை... வெற்றிலை?" கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "காரியதரிசி! கடன் இல்லை என்று சொல்ல சங்கத்துக்கு உரிமை உண்டு. இல்லாத காரணத்தைச் சொல்ல உரிமை கிடையாது. அந்த மனுஷர் அதை நம்பிப் போய்க் கிணற்றில் இறங்கியிருக்கிறார் ஐயா! உண்மையான காரணம் என்ன?"

அருணகிரி எழுந்து நின்றார். "கெணத்துக் காடு இவிய பேருல இல்லீங்க. கல்யாணத்துல மாமனாரு குடுத்தது. பத்திரம் சௌந்திரத்தக்கா பேருல இருக்குதுங்க. அக்கா சம்மதம் குடுக்கலீங்க."

எண்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. என் தலையும் எங்கேயாவது திரும்ப இடம் தேடியது. பன்னிரண்டு வருஷம் உழுததில், அந்தக் காடு யாருடையது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"இந்த ஒரு வரியை எழுதுவதற்கென்ன?"

"அக்காதானுங்க எழுத வேண்டாமுன்னாங்க."

சௌந்திரத்தைக் கூப்பிட்டார்கள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்து கதவோரம் நின்றாள்.

"ஏனம்மா, காரணத்தை எழுத வேண்டாம் என்றாயாமே?"

"பொஞ்சாதி சம்மதிக்கலைன்னு எழுதுனா, ஊரு அவியளப் பார்த்துச் சிரிக்குமுங்க. அதனால ஒண்ணும் எழுதாம உட்டுப்போடுங்கன்னேன். அது இன்னும் மோசமாப் போச்சுங்க. குடிக்கறாங்கன்னாங்க, சீட்டாடறாங்கன்னாங்க. கேக்க எனக்குப் பொறுக்கலீங்க. அதுதான், காரணம் எழுதுங்கன்னு நானே சொல்லிக் குடுத்தேன்."

"பொய்க் காரணம்!"

"எதுங்க பொய்யி? கெணறு தூந்து கெடந்தது நெசந்தானுங்களே? கூரை இல்லாதது நெசந்தானுங்களே? செவரு இருந்த இருப்பை நீங்க பார்த்திருக்கோணும்."

சபை சிரித்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னும் எத்தனை காரணம் வெச்சிருந்தே?" என்று கேட்டேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பதினொண்ணுங்க" என்றாள்.

"இருக்கட்டும் அம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "இனிமேல் சங்கம் காரணம் சொன்னால் உள்ள காரணத்தைத்தான் சொல்ல வேண்டும். இப்போது நீயே சொல். உன் காட்டை ஈடு வைக்கச் சம்மதமா, இல்லையா?"

சௌந்திரம் என்னைப் பார்த்தாள். கரண்டியைச் சுவரோரம் சாத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அஞ்சு மாசமா நான் கேட்டதை எல்லாம் அவிய பண்ணிப்போட்டாங்க. எங்கண்ணனையும் கூட்டியாந்துட்டாங்க. அவிய கேக்கறதை நான் ஒண்ணாச்சும் பண்ண வேண்டாமுங்களா? காயிதத்தைக் குடுங்க."

மேஜைமேல் குனிந்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகத் தன் பேரை எழுதினாள். அவளுடைய அப்பா கொடுத்த காடு. முகத்தில் ஒரு கேள்விகூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் கேள்வி கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"தடை நீங்கியது. ஐந்நூறு ரூபாய்க் கடன் மஞ்சூர், வாங்கிக்கொள்ளலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

குதித்திருக்க வேண்டும் நான். கால் எழும்பவில்லை. பாறை வெடிப்பில் காலைத் தொட்ட குளிர்ச்சிதான் நினைவுக்கு வந்தது. அந்த ஊற்றைக் கொண்டுபோய், தள்ளினால்தான் நகர்கிற ஒரு தகரப் பெட்டிக்கு ஈடு வைப்பதா? ஆம், தள்ளினால்தான் நகரும். அன்றைக்கு மில் வாசலில் நாலு பேர் தள்ளியதை நானே என் கண்ணால் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

"வேண்டாமுங்க" என்றேன்.

"என்னது?"

"எனக்குக் கடன் வேண்டாமுங்க."

"காரணம்?"

"காரணமுங்களா? சோசியரு நேரம் சரியில்லைன்னாருங்க."

"ஓய்! இவ்வளவு நேரம் என்ன பேசினேன்? உள்ள காரணத்தைச் சொல்லும். மினிட்டில் ஏற வேண்டும்."

"பெட்ரோல் வெலை..."

"உள்ள காரணம்!"

வாயைத் திறந்தேன். எண்பது பேருக்கு முன்னால் அது வெளியே வரவில்லை. இவள் என்னை நாலு தடவை ஏமாற்றி நாலு தடவையும் காப்பாற்றியிருக்கிறாள், அதற்காக என் ஆயுசு பூராவும் நன்றி செலுத்தினாலும் போதாது என்று ஓர் ஆண்பிள்ளை சபையில் நின்று எப்படிச் சொல்வான்? சௌந்திரத்தைப் பார்த்தேன். நீயாவது ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி பார்த்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்போதும் புரிந்துவிடும்.

"அவியளுக்குச் சொல்ல வெக்கமா இருக்குதுங்க. நான் சொல்றேன், எழுதிக்கங்க" என்று இன்ஸ்பெக்டர் அருகில் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் மீசைக்குள் சிரித்தபடியே எழுதினார். எழுதியதைச் சபைக்கு உரக்கப் படித்தார்.

"மனுதாரருக்குப் புத்தி வந்துவிட்டபடியால், கடன் வேண்டாம் என்கிறார்."

பள்ளிக்கூடத்து ஓடு பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. சென்னியப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். ஜாமீன்காரராக வந்து வாசலில் நின்ற என் மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு புஸ்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இதுதானே உண்மையான காரணம்? ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லலாம்."

யோசித்துப் பார்த்தேன். ஆட்சேபம் ஒன்றும் இல்லை. "மேற்படி காரணம் உண்மையே" என்று என் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.